எண்பது கிலோ

"இந்த ஒரு ரொட்டிய மட்டும் சாப்பிட்டுடுங்க. வெண்ணெய் லேசாத்தான் தடவியிருக்கேன்."

"ஐயோ, வேணாம்! எண்பது கிலோவுக்கு மேல ஒரு கிராம்கூட இருக்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க."

அந்த விமானப்படை விமானி தட்டைத் தள்ளினான். மனைவி அதை மறுபடியும் அவன் பக்கம் நகர்த்தினாள்.

ராணுவத்துக்காக ஒரு சின்ன சரக்கு விமானம் செய்யத் திட்டம். பாதி எரிபொருள் எஞ்சினில் ஓடும், பாதி மின்சார மோட்டாரில். அதன் மாதிரி விமானம் பத்து நாளில் முதன்முதலாகப் பறக்கிறது. நன்றாகப் பறந்தால்தான் திட்டத்துக்கு ஒப்புதல். ஓட்டப்போவது அவன். ஒரு வாரமாக அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பேட்டரியே அறுநூறு கிலோ. அதான் ஆள் எடையையும் பாக்கறாங்க. கிளம்பறப்ப எஞ்சினும் மோட்டாரும் சேந்து தூக்கும் பாரு... ஒரு கால்பந்து மைதானம் போதும், ஏறிடும்!"

"இறங்கறப்ப?" கண்கள் விரியக் கேட்டாள்.

"எஞ்சினை அணைச்சிட்டு வெறும் மோட்டார்ல இறங்கலாம். எதிரிக்குச் சத்தமே கேக்காது. மலை உச்சியில அடிபட்டுக் கெடக்கற சிப்பாய அலுங்காம தூக்கிட்டு வந்துடலாம்!"

"பேட்டரி சூடாயிட்டா?"

"எஞ்சின் தனியாவே கொண்டுவந்து சேத்துடும்."

பேச்சு சுவாரசியத்தில் ரொட்டி உள்ளே போனதை அவன் கவனிக்கவில்லை. இரண்டு முட்டையும் போயிருந்தன.

"ஒருவேளை உங்க எடை கூடிட்டா?"

"ரெண்டாவதா ஒருத்தனை எடுத்து வெச்சிருக்காங்க. யாருன்னு மூச்சு விட மாட்டேங்கறாங்க. அவனும் ஆசையோட காத்திட்டிருப்பான், பாவம்!"

"பாவம்தான்," என்றபடி அவள் கேக்கை வெட்டினாள்.

பத்து நாளும் இதே கதைதான். காலையில் அவன் வியர்க்க வியர்க்க ஓடிவிட்டு வருவான். கதவைத் திறந்தால் நெய் வாசனை மூக்கைத் துளைக்கும்.

அந்த நாளும் வந்தது. விமானக் கொட்டகையில் எல்லார் முகத்திலும் பரபரப்பு. அவன் எடை மேடையில் ஏறினான்.

"எண்பத்திரண்டு," என்றார் தலைமைப் பொறியாளர்.

"இருங்க சார், ஜாக்கெட்டைக் கழட்டிடறேன்!"

கழற்றினான். பூட்ஸையும் கழற்றினான். முள் எண்பத்தொன்றுக்குக் கீழே இறங்க மறுத்தது.

"என் கையில ஒண்ணும் இல்லப்பா. ரெண்டாவது விமானியக் கூப்பிடுங்க."

அவன் ஓரமாக உட்கார்ந்து பூட்ஸின் கயிற்றைக் கட்டினான். யாரோ மேடையில் ஏறும் சத்தம் கேட்டது.

"ஐம்பத்தெட்டு! பிரமாதம்!" பொறியாளர் கைதட்டினார்.

யார் அந்த அதிர்ஷ்டசாலி என்று நிமிர்ந்தான்.

"ஏழு வருஷமா உங்க படையிலதான் நானும் விமானம் ஓட்டறேன். நானும் மனு போட்டிருப்பேன்னு உங்களுக்குத் தோணவே இல்லையாங்க?" என்றாள், தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற அவன் மனைவி.