மூழ்கிய கப்பலின் சங்கு

"ஐயோ, சாந்தா ரூஃபினா!"

பாரங்கீயா துறையில் மீன் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மக்தலேனா ஆற்றின் மேல் அந்திப் பனி. அதற்குள்ளிருந்து அந்தச் சங்கு அழுதது. தணிந்து ஆரம்பித்து, கீச்சென்று உயர்ந்து, பாதியில் விக்கி நின்றது.

ஒவ்வொரு நீராவிக் கப்பலுக்கும் சங்கில் தனிக்குரல் உண்டு. துறைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டே கப்பலின் பெயரைச் சொல்வார்கள். ஆனால் இந்தக் குரலுக்குரிய கப்பலான சாந்தா ரூஃபினா, போன மழைக்காலத்தில் மிதந்து வந்த மரத்தில் மோதி ஆற்று வளைவில் மூழ்கிவிட்டது. ஒருவரும் கரை சேரவில்லை.

அதன் உலைக்கு விறகு போட்டவன் பசீலியோ. அவன் மனைவி நின்ஃபா மட்டும் பயப்படவில்லை. "என் புருஷன் என்னை வான்னு கூப்பிடுறான்" என்று பனி இறங்கும்போதெல்லாம் தண்ணீர் ஓரம் வந்து நிற்பாள்.

இன்று பனியிலிருந்து வெளியே வந்தது பேய்க்கப்பல் இல்லை. எவரிஸ்தோவின் இழுவைப்படகு, விறகு ஏற்ற வந்தது. புகைபோக்கியில் எப்போதும் சுற்றியிருக்கும் சாக்கு விலகி, உள்ளே பித்தளைச் சங்கு தெரிந்தது. விளிம்பில் ஒரு நசுங்கல்.

அது பசீலியோ விறகுக்கட்டையால் இடித்த நசுங்கல். 'கப்பலுக்கு விக்கல் வந்ததே என்னாலதான்டி' என்று சிரிப்பான்.

நின்ஃபா படகில் பாய்ந்து ஏறினாள்.

"முங்கி எடுத்தியா? பொணங்களுக்கு நடுவுல கையை விட்டு எடுத்தியா?"

"ஆமா, நின்ஃபா."

"தூ! என் புருஷன் குரல் உனக்கு விளையாட்டாப் போச்சா?"

"இந்தத் தொப்பைக்குப் பேய் வேஷம் வேறயா!" என்றாள் ஒரு மீன்காரி. "கழட்டுடா! கோயில்ல கொண்டுபோய்ப் புதைக்கணும்."

கப்பல் கம்பெனி ஏஜென்ட்டும் வந்துவிட்டார். "திருட்டுப்பய! அந்த ஆத்மாக்களுக்கு நாங்க வாராவாரம் பூசை வைக்கிறோம். இவன் என்னடான்னா..."

எவரிஸ்தோ நீராவியை அடைத்து, சங்கைக் கழற்றி, சூடு ஆறாமலே துணியில் சுற்றி நின்ஃபாவிடம் நீட்டினான்.

"உன் தங்கச்சி எந்தக் கப்பல்ல வர்றா?"

"லா பெர்லாவுல. இன்னிக்குத்தான் வர்றா. உனக்கென்ன அதைப் பத்தி?"

அவன் ஏஜென்ட் பக்கம் திரும்பினான். "ஐயா, வளைவுல முங்கிக் கிடக்கிற கப்பல் மேல ஒரு விளக்கு வைக்கச் சொன்னேனே?"

"எத்தனை தடவைடா சொல்றது? அங்கே ஒண்ணும் கிடக்கலே. ஆறு எல்லாத்தையும் அடிச்சிக்கிட்டுப் போயாச்சு."

"அப்போ இதை நான் எங்கே முங்கி எடுத்தேன்?"

ஏஜென்ட் தொப்பியைக் கழற்றித் தூசி தட்டினார். விளக்குக்கு ஆள் வேண்டும், எண்ணெய் வேண்டும். செத்தவர்களுக்கு நாலு மெழுகுவர்த்தி போதும்.

"என் சங்கைத்தான் முதல்ல ஊதினேன், நின்ஃபா. மத்தக் கப்பல்காரனுங்க 'தள்ளிப் போடா, கட்டெறும்பு'ன்னுட்டு நேரா வளைவுக்குள்ளேயே வந்தானுங்க. இந்தக் குரலைக் கேட்டாத்தான் சிலுவை போட்டுக்கிட்டு, முங்கின கப்பல்ல இடிக்காம அக்கரையோரமா ஒதுங்குறானுங்க."

தூரத்தில், பனிக்குள், லா பெர்லாவின் சங்கு கேட்டது.

நின்ஃபா துணியைப் பிரித்தாள்.

"பார்த்துக்கிட்டே நிக்கிறியே, சங்கை மாட்டுடா! படகைத் திருப்பு!"

வளைவை நெருங்கியதும் சங்கின் கயிற்றை அவளே பிடித்து இழுத்தாள். பசீலியோ விக்கி விக்கிக் கூப்பிட்டான். இத்தனை நாளும் 'வா' என்று கேட்ட குரல், இன்றுதான் அவளுக்குச் சரியாகக் கேட்டது.

'வராதே... வராதே...'