காதலர் படி

"இந்தக் காலத்து ஜனங்களுக்கு மூளையைக் கழட்டிக் குடைக்காரன் கையில கொடுத்துட்டு, அவன் பின்னாலயே நடக்கிறது பொழைப்பாப் போச்சு!"

ஓல்ட்ரிக் சத்தமாகவே சொன்னார். சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்து முன்னால் போய்க்கொண்டிருந்த வழிகாட்டி மாரெக் திரும்பிப் பார்த்தான். கூட வந்த இருபது பேரும் பார்த்தார்கள்.

"மெதுவாப் பேசுங்க. ஊருக்கே கேக்குது" என்றாள் மனைவி யார்மிலா.

"கேக்கட்டும். நேத்து ஒரு சுருள் ரொட்டியை நீட்டி, நம்ம பாட்டன் பூட்டன் காலத்துப் பண்டம்னான். எழுபத்திரண்டு வயசாகுது எனக்கு. எங்க வீட்டு அடுப்புல அதை நான் பார்த்ததே இல்ல. அதுக்குள்ள ஐஸ்கிரீம் வேற!"

"ரெண்டு தின்னீங்களே."

"வாங்கினதைத் தூக்கிப் போடவா முடியும்?"

பிராக் நகரத்துக்கு வந்து இது மூன்றாம் நாள். கோட்டை, கடிகாரம், பாலம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஊரிலிருந்து கிளம்பும்போதே யார்மிலா ஆசைப்பட்ட இடம் மட்டும் பாக்கி. ஆற்றங்கரையில் இருக்கும் 'காதலர் படி'. முதல் நாள் போகலாம் என்றபோது ஓல்ட்ரிக்குக்கு மூட்டுவலி. இரண்டாம் நாள் வயிற்றுவலி. இன்று நாலு மணிக்கு ரயில்.

"அங்க ஒண்ணும் இல்லடி. வெறும் படி. பேசாம ஒரு பீர் குடிச்சிட்டு ஸ்டேஷனுக்குப் போவோம்."

"அதிசயமா இருக்கே! போன்ல அலெனாவும் இதையேதான் சொன்னா. 'அக்கா, அங்க ஒண்ணும் இல்ல, வெறும் படி'ன்னு."

"உன் தங்கச்சி விவரமானவ. சின்ன வயசுல இருந்து இந்த ஊர்லயே இருக்கிறவ."

"நீங்க மட்டும் என்ன? ஒரு கோடை முழுக்க இங்க கொத்து வேலை பார்த்தவர்தானே? ஒரு நாளாவது என்னைக் கூட்டிட்டு வந்தீங்களா? இன்னிக்கு ரெண்டு பேரும் அந்தப் படியில கை வைக்கிறோம். இல்லேன்னா நான் ரயில் ஏற மாட்டேன். நீங்க தனியாப் போய் முட்டைக்கோஸ் வேகவச்சுத் தின்னுங்க."

சொன்னால் செய்கிறவள். ஓல்ட்ரிக் இடது கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு, முணுமுணுத்தபடி பின்னால் நடந்தார்.

தண்ணீரைத் தொடும் கடைசிப் படிக்கு ஒரு படி மேலே, ஒரு பெரிய கையும் ஒரு சின்னக் கையும் அருகருகே பதிந்திருந்தன. சுற்றிலும் பூச்செண்டு, மெழுகுவத்தி. மாரெக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அறுநூறு வருஷத்துக்கு முந்தி ஒரு இளவரசி, ஒரு படகோட்டி மேல ஆசைப்பட்டா. ராஜாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. இவன் ஜென்மத்துக்கும் மோதிரம் போடக் கூடாதுன்னு மோதிர விரலைப் பாதியில வெட்டிட்டாங்க. ரெண்டு பேரும் இந்தக் கல்லுல கை வச்சு அழுதாங்க. கல்லே உருகிடுச்சு! பாருங்க, பெரிய கையில மோதிர விரல் குட்டை. புருஷன் பொண்டாட்டி சேர்ந்து இதுல கை வச்சா, சாகிற வரைக்கும் பிரிய மாட்டாங்க."

இரண்டு பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

"கல்லாவது உருகறதாவது!" என்றார் ஓல்ட்ரிக். "இது சிமென்ட்டுடா."

"தாத்தா, பெரிய பெரிய படிப்பாளிங்களே..."

"எட்டாங் கிளாஸ் படிச்சவன் சொல்றேன், கேட்டுக்கோ. ஒரு பங்கு சிமென்ட்டு, ரெண்டு பங்கு மணல்."

கூட்டத்தில் ஒரு இளைஞன் படியைச் செருப்புக் காலால் தட்டிப் பார்த்தான். "அப்படின்னா மட்டமான வேலைதான்."

"எவன்டா சொன்னான் மட்டம்னு?" ஓல்ட்ரிக் சீறினார். "எத்தனை வெள்ளம் மேல ஏறிப் போயிருக்கு தெரியுமா? ஒரு விரிசல் காட்டு, பார்ப்போம்!"

யார்மிலா மெதுவாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ரொம்பத்தான் ரோஷம் வருது உங்களுக்கு."

"தொழில் தெரிஞ்சவன்... பார்த்தாலே தெரியும்" என்று இழுத்தார்.

யார்மிலா குனிந்து, சின்னக் கையின் மேல் தன் கையை வைத்தாள். எல்லாப் பக்கமும் விரல்கள் வெளியே வழிந்தன.

"எனக்கு இது பத்தாது" என்றாள்.

"இளவரசி கை இல்லையா, பாட்டி? பூ மாதிரி இருந்திருக்கும்" என்றான் மாரெக்.

"பூவும் இல்ல, இளவரசியும் இல்ல, தம்பி. ஆறாம் நம்பர் கையுறை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு என் தங்கச்சிக்கு நான்தானே வாங்கிக் கொடுக்கிறேன். இந்த அளவு எனக்குத் தெரியாதா?" முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, புருஷனைப் பார்த்தாள். "வாங்க, உங்க முறை. இடது கையை வைங்க."

"வைங்க தாத்தா, பாட்டி ஆசைப்படறாங்கல்ல" என்றது கூட்டம்.

"எல்லாம் கட்டுக்கதை! நம்பறவன் நம்பட்டும், நான் நம்ப மாட்டேன்!" என்று கத்திவிட்டு, ஓல்ட்ரிக் திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று படியேறிப் போனார். கல்யாணமான மறு வருஷம் ரம்பத்தில் பாதி மோதிர விரலைப் பறிகொடுத்த அந்த இடது கை மட்டும், கோட்டுப் பையை விட்டு வெளியே வரவே இல்லை.