அடிக்கக் கூடாத வரி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலச் சட்டமன்றத்துக்கு மசோதா எழுதித் தரும் வரைவு அலுவலகத்தில் பதினோரு வருஷமாக இதே சண்டை. மருத்துவ உதவிச் சட்டத்தில் காலாவதியான வாசகங்களைக் களையும் மசோதா தயாராகும்போதெல்லாம் மார்லா ஒரு வரியை அடிப்பாள். அங்கே மூத்தவரான ஆர்வில் அதைத் திரும்பச் சேர்ப்பார்.

மூச்சுவிட முடியாத போலியோ நோயாளி, வீட்டில் 'இரும்பு நுரையீரல்' என்ற, உடம்பை உள்ளே வைத்து மூச்சுவிட வைக்கும் பெட்டிக்குள் வாழ்ந்தால், அந்த மிஷினின் மின்கட்டணத்தை அரசே கட்டும் என்ற வரி.

"இந்தக் காலத்துல யாருங்க அந்த டப்பாக்குள்ள படுத்திருக்காங்க?"

"இருந்துட்டுப் போகட்டுமே. உன்னையா கடிக்குது?"

வேலைக்குச் சேர்ந்த வருஷம் அவரே எழுதிய வரி. "பெத்த பாசம்" என்று அலுவலகமே கேலி பேசும். பனிப்புயலில் விளக்கு ஒரு தடவை கண்சிமிட்டினால் போதும், கோட்டுகூட மாட்டாமல் வீட்டுக்கு ஓடுவார். அதற்கும் கேலிதான்.

இன்றும் வெளியே பனிப்புயல். மார்லா மசோதாவைப் பிரித்தாள். அந்த வரியை ஆர்வில் தானே அடித்திருந்தார்.

"அட, தோத்துட்டீங்களா! இருங்க, துறைக்குப் போன் பண்ணிக் கேட்டுடறேன். ஒருத்தர் மிச்சமிருந்தாலும் அடிக்கக் கூடாதே."

"ஒருத்தர்தான் இருந்தாங்க. போன மாசம் போயிட்டாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சின்ன வயசுல அந்த மிஷின் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும். எங்கக்கா உள்ள படுத்துக்கிட்டே கதை சொல்லுவா. மிஷின் மூச்சை இழுக்கறப்ப நிறுத்துவா, விடறப்ப சொல்லுவா." ஆர்வில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "அவ போனப்புறம் நான்தான் சுவிட்சை அணைச்சேன்."

விளக்கு கண்சிமிட்டியது. மார்லா பதறி அவரைப் பார்த்தாள்.

ஆர்வில் எழுந்திருக்கவில்லை.