பையின் கனம்

காரின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, தமிழ்வாணன் மூன்றாம் நம்பர் கோல்ஃப் மட்டையைப் பையிலிருந்து உருவி வெளியே போட்டான்.

பிறகு நான்காம் நம்பரை.

புது செட். சில மட்டைகளின் தலையில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. போன வாரம்தான் ஆபீஸ் நண்பன் ஹரிகிருஷ்ணன் அவனைச் சென்னைக்கு இழுத்துக்கொண்டு போய் வாங்க வைத்தான். சிகாகோவிலிருந்து வாடிக்கையாளர் வருகிறார், மாமல்லபுரம் தாண்டி இருக்கிற ரிசார்ட்டில் கோல்ஃப் ஆடப்போகிறார், கூட ஆடுகிற மூன்று பேரில் ஒருவனைத் தன்னோடு வேலைக்குக் கூட்டிப்போவார் என்பது ஆபீஸ் முழுக்கத் தெரிந்த ரகசியம்.

தமிழ்வாணனுக்கு அந்த வேலை வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதற்காக அவன் எதையும் செய்வான்.

பதினாலு மட்டைக்கு மேல் பையில் வைக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டின் சட்டம். குறைத்து வைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் இங்கே ஆட வருகிற எவரும் குறைப்பதில்லை. சுமப்பது அவர்கள் இல்லையே.

ஐந்தாம் நம்பரும் வெளியே வந்தது. தலை பெருத்த நீள மட்டை ஒன்று வந்தது. குடை வந்தது. தண்ணீர் பாட்டில், பந்து டப்பாக்கள் எல்லாம் வந்தன.

மணலில் விழுந்த பந்தைத் தோண்டி எடுக்கிற மட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். அது இல்லாவிட்டால் எல்லார் முன்னாலும் அசிங்கப்பட நேரலாம். போகட்டும் என்று அதையும் எடுத்துப் போட்டான்.

"என்ன மச்சான், ஏதோ நீயே தூக்கிட்டு நடக்கப்போற மாதிரி எல்லாத்தையும் கழிச்சுக் கட்டுற? அதுக்குத்தான் ஆளுங்க இருக்காங்களே" என்றான் ஹரிகிருஷ்ணன்.

தமிழ்வாணன் சிரித்து மழுப்பினான்.

பை தூக்குகிறவர்கள் சவுக்குமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் பச்சைத் தொப்பி, சட்டையில் நம்பர். பேர் சொல்லி அங்கே யாரும் கூப்பிடுவதில்லை. சூப்பர்வைசர் "இருபத்திரண்டு" என்று குரல் கொடுத்ததும் பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. சைக்கிளிலிருந்து விழுந்து, எலும்பு கோணலாகச் சேர்ந்துகொண்ட தோள்.

மரத்தடியில் இருந்த மற்றவர்கள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எல்லோரும் கடலையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர் பையைத் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்துவிட்டு டிக்கிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, வூட்ல வெச்சி பூஜை பண்ணவா வாங்குனீங்க? ஆட வந்தா முழுசா எடுத்துகினு ஆடணும்."

சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் செருகினார். மணல் மட்டையை முதலில் வைத்தார். பிறகு மூன்றையும் நான்கையும் ஐந்தையும். குடையைக்கூட விடவில்லை. தமிழ்வாணன் ஒரு தடவை அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தான். பெரியவர் அவன் விரல்களை மெதுவாக விலக்கிவிட்டார்.

ஹரிகிருஷ்ணன் பார்த்துக்கொண்டிருந்தான். தமிழ்வாணன் மறுபடி தடுக்கவில்லை.

பெரியவர் பட்டையை வலது தோளில் மாட்டிக்கொண்டு பல்லைக் கடித்து நிமிர்ந்தார். பையில் கட்டியிருந்த பெயர் அட்டை வெளியே வந்து தொங்கியது. கம்பெனி அச்சடித்துக் கொடுத்த அட்டை.

அந்த நேரம் பார்த்துத்தான் சிகாகோக்காரர் வந்தார். நல்ல மனிதர். எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு, அட்டையைப் பிடித்து 'எஸ். தமிழ்வாணன்' என்று திக்கித் திக்கிப் படித்தார். இந்த எஸ் எதற்கு என்று கேட்டார்.

அவனுடைய அப்பா பெயரின் முதல் எழுத்து என்று ஹரிகிருஷ்ணன் முந்திக்கொண்டு விளக்கினான். எங்கள் பக்கம் எல்லோருக்கும் அப்படித்தான், எங்கே போனாலும் அப்பா முன்னால் நிற்பார் என்றான்.

சிகாகோக்காரருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. உன் அப்பாவின் பெயர் என்ன என்று தமிழ்வாணனிடம் ஆசையாகக் கேட்டார்.

தமிழ்வாணன் பெரியவரைப் பார்த்தான். அவர் தரையில் இருந்த புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சம்பத்" என்றான்.

அழகான பெயர் என்று சிகாகோக்காரர் அவன் முதுகில் தட்டினார். எல்லோரும் நடக்க ஆரம்பித்தார்கள். பெரியவரும் அவர்களுக்குப் பின்னால் நடந்தார். பதினாலு மட்டைகளும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு சத்தம் போட்டன.

முந்தின நாள் சாயங்காலம், சதுரங்கப்பட்டினத்து வீட்டில், சடையப்பன் மகனுக்குச் சோறு போட்டு மீன் குழம்பு ஊற்றினார். ஊற்றிக்கொண்டே சொன்னார்: "உன் பைய நான்தான் தூக்குவேன்னு சூப்பர்வைசராண்ட சொல்லிட்டேன், வேற எவனும் தொட வேணாம். ஆனா பை தூக்குறவன் புள்ளன்னு தெரிஞ்சா உன்ன கூட்டிகினு போவ மாட்டாங்கடா. யாருனா கேட்டா அப்பன் பேரு சம்பத்துன்னு சொல்லிடு. அதுக்கும் எஸ்ஸுதான வரும்."

தமிழ்வாணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"செத்தாலும் சொல்லமாட்டேன், நைனா" என்றான்.