சிவப்பு எண் எல்மார்

“யெனோ, இதை யார்கிட்டே வாங்கினே?”

“சொல்ல மாட்டேன் தலைவரே.”

எல்லோரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். எங்கள் புடாபெஸ்ட் கேமரா சேகரிப்பாளர் சங்கத்தில் சண்டை என்பது எங்கள் ஊர்ப் பூரியான லாங்கோஷ் மாதிரி. எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த சூட்டிலேயே தின்றுவிட வேண்டும்.

அன்றைக்கு ஒப்பீட்டு நாள். வருஷத்துக்கு ஒருமுறை வரும். பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் போடும் ஜெர்மன் எல்மார் லென்ஸ்களை மேஜையில் வரிசையாக வைத்து, எது உசத்தி என்று கத்துவோம். லென்ஸ் ஒன்றுதான், அவதாரம் மூன்று. முதலில் நிக்கல் பூச்சு. அப்புறம் குரோம். கடைசியாக வந்ததில், வளையத்தைச் சுற்றிப் பொறித்த அளவு எண்களில் ஒரு வரிசை மட்டும் சிவப்பு. அந்தச் சிவப்புக்குத்தான் இத்தனை ஆட்டமும். மூன்றிலும் படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எங்களில் ஒருத்தனுக்கும் வித்தியாசம் தெரியாது. அதை வாய்விட்டுச் சொன்னால் அன்றைக்குக் காபி கிடையாது.

சிவப்பு எண் எல்மார் எங்கள் சங்கத்தில் தலைவர் வில்மோஷிடம் மட்டும்தான் உண்டு. வெல்வெட் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார். ஒப்பீட்டு நாளில் மட்டும் கையுறை மாட்டிக்கொண்டு திறப்பார். ஏதோ புனிதரின் எலும்பு மாதிரி.

இந்த வருஷம் இன்னொன்று முளைத்துவிட்டது. அதுவும் ரிட்டயரான டிராம் டிரைவர் யெனோவின் பையில். அவராகக் காட்டவில்லை. அவர் சாண்ட்விச்சைத் திருடப் பைக்குள் கைவிட்ட ஃபெரிதான், கேமராவை வெளியே இழுத்து, “அடேய், சிவப்பு எண்ணுடா!” என்று கூவினான்.

“வேண்டாம் ஃபெரி, உள்ளே வை” என்று யெனோ பதறினார். பதறினால் விடுவோமா?

வில்மோஷ் அதைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். அடுத்தவர் லென்ஸைத்தான் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். தன்னுடையதைத் துடைப்பதோடு சரி.

“சிவப்பே சரியில்லை. என்னோடதைப் பாருங்க, எப்படி ஜொலிக்குது! இது பழைய செங்கல் மாதிரி இருக்கு.”

“சீரியல் நம்பர் என்ன சொல்லுது தலைவரே?” என்றான் ஃபெரி.

படித்தார். நெற்றி சுருங்கியது. “இந்த நம்பரை எங்கேயோ பார்த்திருக்கேன்.”

“அப்படின்னா?”

“அப்படின்னா காப்பியடிச்சது. அசல் நம்பரைப் பார்த்துத்தானே போலி அடிப்பான்?”

அடடா, என்ன மூளை என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

ரஷ்ய லென்ஸில் ஜெர்மன் பெயரைப் பொறித்து நம் தலையில் கட்டும் ஆட்கள் சந்தைக்குச் சந்தை உண்டு. அதனால் சங்கத்துக்கு ஒரே சட்டம்: லென்ஸ் யார் கையிலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். சொல்லாதவன் வெளியே.

“யோவ், பேரைச் சொல்லித் தொலைய்யா. சொல்லிட்டு பீர் அடிக்கப் போவோம்” என்றான் ஃபெரி.

“முடியாது.”

“என்ன, பொம்பளை விஷயமா?”

யெனோவின் காது சிவந்தது. “அப்படியே வெச்சுக்கோ.”

அறையே சிரித்தது. வில்மோஷின் மனைவி எடித் மட்டும் சிரிக்கவில்லை. கோப்பைகளில் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். சங்கத்தில் அவருக்கு ஓட்டு கிடையாது, பாத்திரம் கழுவும் உரிமை உண்டு.

“கடைசியா கேட்கிறேன் யெனோ. பேரைச் சொல்றியா, சாவியை வைக்கிறியா?”

சங்கத்தில் படம் கழுவும் இருட்டறையின் சாவி. யெனோவுக்கு இந்தச் சனிக்கிழமைகளை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. மனைவி செத்த பிறகு வீட்டில் அவரோடு பேசுவது ஃப்ரிட்ஜ்தான். அதுவும் மோட்டார் ஓடும்போது மட்டும்.

சாவியை எடுத்து மேஜையில் வைத்தார்.

“மோசடிக்காரன்னே வெச்சுக்கோங்க. நான் வரேன்.”

“பாத்தீங்களா? இத்தனை வருஷமா நம்மகூட உட்கார்ந்து தின்னவன்!” வில்மோஷுக்குக் குரல் ஏறியது. “எனக்குப் போலின்னா மூக்கே சொல்லிடும். இவனை நீக்கணும்கிறவங்க கையைத் தூக்குங்க.”

ஒவ்வொரு கையாக எழுந்தது. ஃபெரி, சாண்ட்விச் இருந்த கையையே தூக்கினான்.

“சாவியை எடுத்துக்கோங்க யெனோ” என்றார் எடித்.

“நீ சும்மா இரு. இது லென்ஸ் விவகாரம்.”

“ஆமாங்க, லென்ஸ் விவகாரம்தான். அது உங்க லென்ஸ். ஈஸ்டருக்கு முன்னாடி நான்தான் அவருக்கு வித்தேன். யார்கிட்டேயும் சொல்லிடாதீங்கன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். அந்தப் பாவி மனுஷன் இவ்வளவு அவமானப்பட்டும் வாயைத் திறக்கலை.”

வில்மோஷ் தன் வெல்வெட் பெட்டியைப் பார்த்தார். “அப்போ இது?”

“சந்தையில எடுத்த சாதா எல்மார். ஜொலிக்குதுன்னீங்களே, அது என் நகப்பூச்சு.”

ஃபெரி மெதுவாகக் கையை இறக்கினான். மற்றவர்களும்.

“ஏன்டி வித்தே?” என்றார் வில்மோஷ்.

எடித் காபிக் கெண்டியைக் கீழே வைத்தார். கணவருக்கு நேராகக் குனிந்து, உதட்டை விலக்கிக் காட்டினார்.

“முன்பல்லு மூணு, அந்தக் காசுல புதுசா கட்டினது. ஈஸ்டர்லேர்ந்து தினமும் உங்க முகத்துக்கு நேராத்தாங்க சிரிச்சுக்கிட்டிருக்கேன்.”