பெயர் கேட்காத தளம்

"பேரும் வேணாம், முகமும் வேணாம்னா அதுல யாரும்மா வந்து சேருவா?"

நடராஜா கேட்டதும் கேரன் தன் மடிக்கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். சுங்கைப்பட்டாணியில் ஒரு கடைவீட்டின் மாடியில், இளைஞர் தொழில் சங்கத்தின் தேர்வு நடந்துகொண்டிருந்தது. புது யோசனைகளோடு வருகிறவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டுக்கு அலுவலக இடமும் வழிகாட்டலும் கொடுப்பார்கள். நடராஜா அந்த ஊரில் மென்பொருள் நிறுவனம் நடத்துகிறவர். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவருடையது. பக்கத்தில் சங்கச் செயலாளர் ஷீலா.

கேரன் கொண்டுவந்திருந்தது புரோகிராமர்களுக்கு மட்டுமான ஒரு சமூக வலைத்தளம். அது ஊர், பெயர், படித்த இடம் எதையும் கேட்காது. ஒருவர் எழுதிய புரோகிராம் மட்டும்தான் மற்றவர்களுக்குத் தெரியும். பார்த்துத் திருத்துவார்கள், பாராட்டுவார்கள், பிடித்துப்போனால் வேலையும் கொடுப்பார்கள்.

"இருக்கிற தளமெல்லாம் பெருமை பேசுற இடமா இருக்கு சார். இங்க வேலை மட்டும்தான் பேசும்."

"முதல்ல ஆளு வேணுமேம்மா. காலியா கிடக்கிற இடத்துக்கு யாரும் வர மாட்டான். பேரு இல்லன்னா வர்றவனும் கண்டபடி திட்டிட்டுப் போவான்." நடராஜா முன்னால் சாய்ந்தார். "அதை விடு. ஆளு யாருன்னே தெரியாம நான் எப்படி வேலை குடுக்கிறது? நேத்து வரைக்கும் அவன் என்ன செஞ்சான்னு எனக்குத் தெரிய வேணாமா?"

"அது தெரிஞ்சா நீங்க வேலையே குடுக்க மாட்டீங்க சார்!"

குரல் அவளை மீறி உயர்ந்துவிட்டது. பின்வரிசையில் காத்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கேரன் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

நடராஜா பேனாவை மேசைமேல் வைத்தார். "இது உன்னோட யோசனையா?"

"அண்ணனோடது சார். டேரில். அவரு சொன்னாரு, நான் செஞ்சேன்."

"அவரு வரலையா?"

"சிங்கப்பூர்ல வேலை சார்."

மாதா கோயிலில் பூசை முடிந்து விசாரிக்கிறவர்களிடம் அம்மா சொல்வதும் அதையேதான். சொன்ன கையோடு, தேநீருக்குக்கூட நிற்காமல் கேரனை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள்.

ஷீலாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சார் மகன் சசிதரனும் புரோகிராமிங்தான்மா, லண்டன்ல படிக்கிறாரு. நீ அண்ணனுக்கு ஒரு வீடியோ கால் போடேன்லா. சாரே அவருகிட்ட நேரா பேசிடட்டும்."

நடராஜா தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்தார்.

"இன்னிக்கு அவருக்கு வேலை இருக்குக்கா. போன் எடுக்க மாட்டாரு."

"சனிக்கிழமையிலயா?" ஷீலா விடவில்லை.

"ஷிப்ட்டு வேலை அக்கா..."

"புரோகிராமருக்கு என்னம்மா ஷிப்ட்டு?"

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கேரனின் காதுமடல் சுட்டது. திரையில் ஒளிர்ந்த தளத்துக்குள்ளேயே புகுந்து மறைந்துவிடலாம் போலிருந்தது.

"உங்களுக்குச் சொந்த ஊரு எதும்மா?" நடராஜா மெதுவாகக் கேட்டார்.

"கரங்கான், சார்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அதன்பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று கேரன் நினைத்துக்கொண்டாள்.

ஷீலா தன் மடிக்கணினியைத் திறந்தாள். "சரி, நிறுவனர்னு ரெண்டு பேர் பேரையும் போட்டுடவா? அண்ணனோட அடையாள அட்டை, ஐசி நம்பர் சொல்லு. சங்கத்துல செக் பண்ணுவாங்க."

சரிபார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். போன மாதம் பார்த்தபோது, இந்தத் தளத்தைப் பற்றி அண்ணன் மூச்சுவிடாமல் பேசினான். 'இது நிக்கும் பாரு கேரன்' என்று சொன்னபோது அவன் கண்ணில் பழைய வெளிச்சம் இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றுதான் அதைப் பார்த்தாள்.

"வேணாம்க்கா," என்றாள். "என் பேரு மட்டும் போதும். அண்ணனுக்கு இதுல ஒண்ணும் இல்ல."

"இப்பத்தான் அண்ணனோட யோசனைன்னு சொன்ன?"

"சும்மா பேச்சுக்குச் சொன்னாரு. செஞ்சதெல்லாம் நான்தான்."

சொல்லி முடித்ததும் வாய் கசந்தது. யாரும் கேட்காமலே, தானே தன் வாயால் அண்ணனைத் துடைத்துப் போட்டுவிட்டாள். ஊர் அதையே செய்தபோது அவளுக்கு எவ்வளவு கோபம் வந்தது! மடிக்கணினியைப் பைக்குள் திணித்துக்கொண்டு, முடிவுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கிக் காரின் கதவைத் திறந்தாள்.

"கெரெத்தாவுல ஏறிடாதம்மா. ஒரு நிமிஷம்."

நடராஜா மூச்சிரைக்கப் பின்னால் வந்துகொண்டிருந்தார். மேலே பார்த்த மிடுக்கு அவரிடம் இல்லை. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"உன்னைத்தான் எடுக்கப் போறேன். ஆனா அண்ணன் பேரையும் அதுல போடு."

"இல்ல சார், அவரு சிங்கப்பூர்ல..."

"என் மகன் லண்டன்ல இருக்கிற மாதிரிதானே?" அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "போன வாரம் ஜெயிலுக்குப் போயி அவனைப் பார்த்தேன்மா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்துகிட்டு, 'கரங்கான் டேரில் அண்ணன் பேப்பர்ல எழுதி எழுதியே எனக்குப் புரோகிராமிங் சொல்லித் தர்றாருப்பா'ன்னு சிரிச்சான்."