திறந்திருந்த மைக்

பாடகரின் மைக்கில் பதிவானதில் பாட்டு இல்லை. தூரத்தில் டிரம்ஸ் கேட்டது.

பேஸ் கிதார்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அண்ணன்தான். எனக்குத் தெரியாதா?"

டிரம்மர் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. இவர் அவருடைய கூடப்பிறந்த தம்பி.

இது அந்தக் குழுவின் பதினான்காவது ஆல்பம். ஒன்பது பாட்டுகள் முடிந்திருந்தன. பத்தாவதற்கு மட்டும் டிரம்ஸ் இல்லை. வேறு ஆளை வைத்து வாசிக்கலாம் என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். அண்ணன் இல்லாமல் அந்தப் பாட்டு வெளியே போகாது என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றார்.

இன்று காலையிலிருந்து பத்தாவது பாட்டின் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தட்டு தட்டியிருந்தாலும் போதும் என்றார்.

நான் அவர்களின் ஒலிப்பதிவாளன். இருபத்தாறு வருடம். ஹார்ட் ராக் வாசித்து வாசித்து இப்போது இருக்கும் மூவரில் இருவருக்குக் காது மந்தம். மூன்றாமவருக்கும் மந்தம்தான், ஒத்துக்கொள்ள மாட்டார். அந்தக் காதுகளை நம்பித்தான், டிரம்ஸ் சத்தம் கேட்டும் நான் நிறுத்தாமல் இருந்தேன்.

ஆனால் தம்பிக்கு அண்ணனின் கை தெரிந்துவிட்டது.

அண்ணனோடு சேர்த்து இவர்கள் நால்வரும் எப்போதும் ஒரே அறையில் வாசித்தவர்கள். நடுவில் தடுப்பு கூடாது. அதனால் ஒருவர் சத்தம் இன்னொருவர் மைக்கில் எப்போதும் கசியும். ஆள் இல்லாத மைக்கிலும் கசியும்.

"அவரு கடைசியா வந்த அன்னைக்கு வாசிக்காமலே போயிட்டாருன்னு சொன்னியேப்பா?" என்று தம்பி கேட்டார்.

"மறந்திருப்பேண்ணே" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. பாடகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிதார்காரர் என் தோளை இரண்டு தடவை தட்டிக்கொடுத்தார். சத்தம் மெலிதாக இருந்தால் என்ன, இதன்மேலேயே நாங்கள் வாசிக்கிறோம் என்றார். மூன்று கிழவர்களும் அத்தனை சந்தோஷமாக இருந்ததை நான் பல வருடங்களாகப் பார்த்ததில்லை.

பாட்டு கடைசிச் சுற்றுக்கு வந்தது. நிறுத்தும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனேன்.

தம்பி என் மணிக்கட்டைப் பிடித்தார். கடைசியாக அடித்த பித்தளைத் தாளத்தட்டின் அதிர்வு அடங்கும்வரை யாரும் நிறுத்தக் கூடாது என்பது அண்ணன் போட்ட சட்டம்.

தாளத்தட்டின் அதிர்வு அடங்கிக்கொண்டே வந்தது. மூவரும் ஒலிபெருக்கியின் பக்கம் தலையைச் சாய்த்தார்கள்.

அன்று மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, அண்ணனை மட்டும் வாசிக்க நிறுத்திவைத்தவன் நான். மறுநாள் விடியற்காலையில் மாரடைப்பு என்று செய்தி வந்ததும், டிரம்ஸைச் சுற்றியிருந்த எட்டு மைக்கின் பதிவுகளையும் அழித்தேன். பாடகரின் மைக் திறந்திருந்தது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

அறை அமைதியானது. தம்பி என் கையை விடவில்லை.

ஒலிபெருக்கியில் மூச்சு வாங்கியது.

"நெஞ்சை என்னமோ பண்ணுதுப்பா. நான் கிளம்பவா?"

பிறகு, மிகத் தெளிவாக, என் குரல்.

"நல்லாத்தான் வந்துச்சு. இன்னும் ஒரே ஒரு தடவை வாசிச்சிட்டுப் போயிடுங்கண்ணே."